கன்னிவாடி வேன்ல போன நோட்டு

மார்ச் 3, செவ்வாய்
வெயில் இப்பவே கொளுத்துது. தண்ணி லாரி இன்னிக்கும் வரல.
மில்லுல மாசாந்திரப் பாதுகாப்பு வகுப்பு நான் எடுக்க வேண்டிய நாள். எடுக்கல. ஆர்டர் அவசரமாம். மேனேஜர், "கையெழுத்த மட்டும் வாங்கிருங்க டீச்சரம்மா." ஷிப்ட் முடிஞ்சு மில்லுப் பிள்ளைக ஊருக்கு ஏறுன கன்னிவாடி வேன்ல, வகுப்புல இருந்ததா கையெழுத்துப் போடுற நோட்டையும் ஏத்தி விட்டேன். காலையில கையெழுத்தோட வந்துரும். அஞ்சு மாசமா இப்படித்தான். எனக்கும் அரை மணி நேரம் மிச்சம்.
வாங்க: உளுந்து, சின்னவனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

மார்ச் 9, திங்கள்
கன்னிவாடி வேன்ல வர்ற செல்விக்கு விரல் போச்சு. வலது கை. ரெண்டு.
இழை பிரிக்கிற கார்டிங் மிஷின்ல பஞ்சு சிக்கியிருக்கு. நிறுத்துன கையோட மூடியத் திறந்துட்டா. சுவிட்ச அணைச்சாலும் உள்ள உருளை செத்த நேரம் சுத்தும், முழுசா நின்ன பெறகுதான் கை வைக்கணும். அவ வேலைக்குச் சேந்த புதுசுல நான் சொல்லிக் குடுத்ததுதான். அப்பல்லாம் மாசாமாசம் திருப்பிக் கேப்பேன், எல்லாருமா ஒப்பிப்பாளுக. கேக்குறத நிறுத்துனது நான். பாவி.


மார்ச் 11, புதன்
ஆஸ்பத்திரி. கூறுகெட்டதனமா ஆரஞ்சு வாங்கிட்டுப் போயிட்டேன். நானே உரிச்சுக் குடுத்தேன்.
செல்வி: "தெரிஞ்சதுதானக்கா. அந்த நேரத்துல நெனப்பே வரல."
அவ அம்மா: "ரெண்டு வருசமா பாக்குற வேலை, எப்பிடித்தா மறந்த?"
எனக்குத் தெரியும் எப்பிடின்னு. ஆரஞ்சுத் தோலப் பொறுக்கிக்கிட்டு இருந்தேன்.

மார்ச் 20, வெள்ளி
லேசா மேகம். விசாரணை, மேனேஜர் ரூம்ல. செல்வியும் கைக்கட்டோட வந்திருந்தா. மேசையில நோட்டு. மூணாம் தேதிப் பக்கத்துல செல்வி கையெழுத்து.
மேனேஜர்: "பயிற்சி குடுத்திருக்கு சார். பொண்ணோட கவனக்குறைவு."
தொழிற்சாலை ஆய்வாளர் என்னயப் பாத்து, "வகுப்பு எடுத்தீங்களாம்மா?"
இல்லன்னு சொல்லணும்னுதான் போனேன். சத்தியமா. நோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள செல்வி: "எடுத்தாங்க சார். நான்தான் காதுல வாங்கல."
நான் ஆமான்னுட்டேன்.
வெளிய வந்து கேட்டேன், ஏன்டி அப்படிச் சொன்னன்னு.
"எனக்கு எப்படியும் போச்சுக்கா. உங்க வேலையும் எதுக்குப் போகணும்."
ஆய்வாளர் அப்பவும் உள்ளதான் இருந்தாரு, டீ குடிச்சுக்கிட்டு. நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டேன்.