மணியின் காலில் போட்ட பத்து

முட்டை வெள்ளைக் கருவில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துச் சுட வைத்தால் ஒரு வாசனை வருமே, அது நேற்றிலிருந்து இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. உன் நாய் மணிக்காக என் மாமியார் குழைத்த பத்து. எனக்கு உன் கால்தான் நினைவுக்கு வந்தது.

நீ போன பிறகு நாலு நாள் உன் வீட்டு வாசலிலேயே கிடந்துவிட்டு எங்களிடம் வந்துவிட்டான் மணி. என் மகள் அவன் காதைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினாள். நேற்றுக் காலை கோட்டைப் பக்கம் சுற்றிவிட்டு வந்தவன் முன்னங்காலை ஊன்றவில்லை. மாட்டாஸ்பத்திரியில் காட்டலாம் என்றேன்.

"நாய்க்கு இன்னா ஆஸ்பத்திரி? எங்கியாச்சும் குதிச்சிருக்கும், சுளுக்கு" என்றார் மாமியார். பத்தைப் போட்டுத் துணியைச் சுற்றிவிட்டு, "மூணு நாளைக்குப் பிரிக்கக் கூடாது" என்று சட்டம் வேறு. என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "திங்கக்கெழம வரைக்கும் பாக்கலாமே" என்றார். பாக்கலாம், பாக்கலாம்! இந்த வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இன்று காலை மணி சோற்றைத் தொடவில்லை. காதைப் பிடிக்கப் போன குழந்தையிடம் உறுமினான். உடனே பேப்பர் கீழே இறங்கியது. "கொயந்தய கடிச்சி வச்சா? எங்கியாச்சும் கொண்டுபோய் வுட்டுடலாம்."

அதற்கு மட்டும் திங்கட்கிழமை வரை பொறுக்க வேண்டாமாம்.

உனக்கு அப்போது ஏழாம் மாதம். மெட்டியைக் கழற்ற முடியாத அளவுக்குப் பாதம் வீங்கியிருந்தது. "ஏ பி.ஏ.! நீ படிச்சவ, நீயே சொல்லு. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போவட்டா? தல வேற வலிக்குது" என்றாய். மாசமாக இருந்தால் கால் வீங்கத்தான் செய்யும் என்று நான்தான் சொன்னேன். என் கையாலேயே பத்துப் போட்டேன். "இன்னாடி, செவுத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அடிக்கிற" என்று சிரித்தாய். மறுநாள் பிரிக்கட்டுமா என்று கேட்டாய். மூன்று நாள் ஆகட்டும் என்றேன். மூன்றாம் நாள் பஸ்ஸிலேயே உனக்கு வலிப்பு வந்தது. "ரெண்டு நாளு முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்றாள் நர்ஸ், என்னைப் பார்த்து.

எதற்கெல்லாம் என்னோடு சண்டை போடுவாய்! குழாயடியில், கோலத்துக்கு, ஒரு பிடி புளிக்கு. அன்றைக்கு மட்டும் ஏன் என் பேச்சுக்குத் தலையாட்டினாய்?

மாமியார் பார்த்திருக்கவே வெந்நீர் ஊற்றிப் பத்தைக் கரைத்தேன். மணி உறுமினான், கடிக்கவில்லை. காலில் ஒன்றுமில்லை. பாதத்தில், விரல்களுக்கு நடுவே, ஒடிந்த கருவேல முள். சுற்றிலும் சீழ்.

இடுப்பில் குழந்தை, கையில் நாயைக் கட்டிய கயிறு. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் சிரித்தார்: "இன்னாம்மா, ரெண்டுல எதுக்கு வைத்தியம்?" முள்ளைப் பிடுங்கிக் கழுவிய பிறகு சிரிப்பில்லை. "இன்னும் ரெண்டு நாளு வுட்டிருந்தீங்கன்னா காலே போயிருக்கும்."

வீடு திரும்பியதிலிருந்து மாமியார் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. மணி வாசலில் காலை நக்கிக்கொண்டு கிடக்கிறான். இனி இந்த வீட்டில் யார் எந்தக் கட்டைப் போட்டாலும் நான் பிரித்துப் பார்ப்பேன். உனக்குக் கொடுக்காத அந்த இரண்டு நாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.