நிற்காத வண்டியில் வந்த செய்தி

அப்பா,

இன்று காலை அம்மா உங்கள் வேஷ்டியைக் கிழித்தாள்.

பெட்டியிலிருந்து எடுத்து, உதறி, கரையைப் பல்லால் கடித்து ஒரே இழுப்பு. அறை முழுக்க அந்துருண்டை வாசனை. அதற்கு அடியில், கொஞ்சமாக, நீங்கள். விபூதி, சவர சோப்பு. படித்துக்கொண்டிருந்ததை மூடிவிட்டேன். இன்னொரு கிழிப்பு. இன்னொன்று. பிறக்கப்போகும் குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது; துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேஷ்டிதான் வேண்டும். அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்று அத்திம்பேர் அப்போதுதான் வந்து சொல்லி, பெண் உமாவை எங்களிடம் விட்டுப் போயிருந்தார்.

துண்டுகளை மடித்துப் பையில் வைத்து என்னிடம் நீட்டினாள் அம்மா.

"நீ கொண்டு போ. நான் வரலை."

நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. பொட்டில்லாத நெற்றியோடு பிரசவ அறை வாசலில் நிற்பதில்லை என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். என் ராசிதான் இப்போ ஊருக்கே தெரிஞ்சுபோச்சே என்றாள், கடை இன்றைக்கு அடைப்பு என்று சொல்கிற குரலில்.

இந்த ராசி உங்களுக்குப் பழக்கமானது. அக்காவின் முதல் பிரசவத்தில் அம்மாதான் கூட இருந்தாள். குழந்தை தங்கவில்லை. அடுத்த முறை, உமா பிறக்கவிருந்தபோது, இதே வார்த்தை: என் ராசி சரியில்லை, நான் வரலை. நான் அப்போது கல்லூரியில் முதல் வருஷம். காரணம், காரியம் என்று ஏதேதோ வாதாடினேன். நீங்கள் வாதாடவில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லி அனுப்பிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டீர்கள்.

"அப்போ நான் போய் உக்காந்துக்கறேன். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து நில்லு. இறங்கின உடனே சொல்லிடறேன், கேட்டியோ."

பிரசவ ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பகல் முழுக்க ஓர் ஆண்பிள்ளை. பைகுல்லாவில் அன்றைக்கு அதுதான் வேடிக்கை என்று பிறகு நீங்களே சொன்னீர்கள். சுற்றிலும் மாமியார்கள், அம்மாக்கள். நடுவில் நீங்கள், மடியில் கிழித்த வேஷ்டித் துண்டுகளோடு. மராத்தி ஆயா ஒருத்தி உங்களை ஆஜோபா என்று கூப்பிட ஆரம்பித்தாள். தாத்தா. குழந்தை வருவதற்கு முன்பே பட்டம் வந்துவிட்டது.

உங்கள் காரியத்துக்கு வந்தவர்கள் நல்ல கணவர் என்றார்கள். நல்ல அப்பா. நல்ல தாத்தா. ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். நான் மூன்றையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறேன். ஒரு ரயில் கதவில், கண் சிமிட்டும் நேரத்துக்குள்.

நம் மாட்டுங்கா ஸ்டேஷன் பிளாட்பாரம். மழை விட்ட சாயங்காலம். அம்மா உட்கார மறுத்தாள். தனியாக ஒரு முறைகூட லோக்கல் ரயிலில் போனதில்லை அவள். ஆனால் அவளுக்குத் தெரியாத வண்டி கிடையாது. தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு, அன்றைய வண்டியை அவளுக்குச் சொல்வீர்கள் அல்லவா. யார் சண்டை போட்டார்கள், யாருக்கு ஜன்னல் கிடைத்தது, தாதரில் எவன் ஓடி ஏறினான். அவள் தாளித்துக்கொண்டே கேட்பாள். பார்த்தேயிராத மனிதர்களின் பெண் கல்யாணத்தைப் பற்றிக்கூட விசாரிப்பாள்.

எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ வண்டிகள் வந்தன. நின்றன. நீங்கள் இல்லை. மறுபடி ஒன்று. நீங்கள் இல்லை. அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகிக்கொண்டே வந்தன. அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்தது. நானும் அதைத்தான் நினைத்தேன்.

அப்போது ஃபாஸ்ட் வந்தது. மாட்டுங்காவில் நிற்காத ஃபாஸ்ட்.

வண்டி பார்த்து ஏறத் தெரியாதவர்களை நீங்கள் மன்னித்ததே இல்லை. பாலக்காட்டிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் ஃபாஸ்டில் ஏறி எங்கேயோ தாணாவில் போய் இறங்கியதை வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தீர்கள். கையால் வாயை மறைத்துக்கொண்டு. முன்பல் ஒன்று போனதிலிருந்து அந்தக் கை.

அந்த ஃபாஸ்டின் கதவில் நீங்கள்.

ஒரு கை கம்பியில். ஒரு கை வெளியே, ஆகாயத்தில். வாய் முழுக்கத் திறந்து ஏதோ கத்துகிறீர்கள். சக்கரங்களின் சத்தம் அத்தனையையும் தின்றுவிட்டது. காற்று. அம்மாவின் புடவைத் தலைப்பு. கடைசிப் பெட்டி. அவ்வளவுதான்.

பிளாட்பாரத்தில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. வேண்டாம் என்று ஆட்டிய கையா, வா என்று ஆட்டிய கையா.

அம்மா என் மணிக்கட்டை விட்டாள்.

"பல்லு தெரிஞ்சுது," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மூடிக்கத் தோணலைடி அவருக்கு. பல்லு தெரிஞ்சுது. குழந்தை நன்னா இருக்கு."

அடுத்த நிமிஷம் அவள் பாலத்தின் படிகளில் இருந்தாள். எங்கே என்றேன். பைகுல்லாவுக்கு என்றாள். வண்டி அடுத்து நிற்கிற குர்லாவில் அப்பா இறங்கித் திரும்பி வருவார், இரு, என்றேன். அவர் வரட்டும், நான் என் பொண்ணைப் பாக்கணும் என்றாள். நாள் முழுக்க அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன் என்றிருந்தவள்.

கால் மணி கழித்து எதிர்ப் பிளாட்பாரத்தில் குர்லா பக்கமிருந்து ஸ்லோ வந்து நின்றது. பெண்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் சொன்ன வண்டிதானே. ஏறிவிட்டாள். நான் ஏறுவதற்குள் வண்டி நகர்ந்தது. அதே வண்டியின் முன் பெட்டியிலிருந்து நீங்கள் குதித்து, பாலத்தைப் பார்த்து ஓடினீர்கள்.

அப்பா என்று கத்தினேன். திரும்பினீர்கள். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"பொண்ணு. ரெண்டு பேரும் சௌக்கியம். அம்மா எங்கே?"

போகிற வண்டியைக் காட்டினேன். அதன் வாலைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். தானாவே ஏறினாளா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். சரியான பெட்டியிலா. ஆமாம். அப்போது சிரித்தீர்கள் பாருங்கள். கூலிக்காரர் ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

மாட்டுங்காவுக்கு முன்னால் தாதரில் ஃபாஸ்ட் நின்றதே, இறங்கியிருக்கலாமே என்று அடுத்த வண்டியில் போகும்போது கேட்டேன். தாதர் வந்ததையே கவனிக்கவில்லையாம். பக்கத்தில் நின்ற குஜராத்திக்காரரிடம் பேத்தியின் காதை வர்ணித்துக்கொண்டிருந்தீர்களாம்.

வார்டில் அம்மா குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். உங்களை ஏறிட்டுப் பார்த்து, எங்கே போயிட்டேள் இவ்வளவு நேரம் என்றாள். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

உமாவுக்கு இந்தக் கதையை ஞாயிற்றுக்கிழமைதோறும் சொன்னீர்கள். ஒவ்வொரு வாரமும் வண்டிக்கு வேகம் கூடியது. கடைசியில் கதை விளையாட்டாயிற்று. அவள் ஃபாஸ்ட், நீங்கள் மாட்டுங்கா. கூடத்தில் உங்களைத் தாண்டி நிற்காமல் ஓடுவாள். நீங்கள் நின்ற இடத்தில் நின்று கையாட்டுவீர்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும்.

இன்று காலை, அம்மா வரவில்லை என்றதும், உமா பல்துலக்குவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள்.

"நான் பொறந்தன்னிக்கு நீ வந்தியோல்லியோ?"

வந்தேன் என்றாள் அம்மா.

"எனக்கு என்ன ஆச்சு?"

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். வாயோரம் பற்பொடி, ஒரு பக்கம் அவிழ்ந்த பின்னல்.

"உனக்கென்ன, குத்துக்கல்லாட்டமா இருக்கே."

"அப்போ வா."

நான் கல்லூரிப் படிப்பையெல்லாம் கொட்டி வாதாடியிருந்தாலும் இந்த வாதம் எனக்கு வந்திருக்காது. அம்மா புடவை மாற்ற உள்ளே போனாள்.

இதைப் பைகுல்லாவில் எழுதுகிறேன், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், பக்கத்தில் உமாவோடு. நீங்கள் உட்கார்ந்த பெஞ்சு இதுதானா, தெரியாது. மாமியார்கள் இருக்கிறார்கள். அம்மாவின் நெற்றியை ஒருத்தி பார்த்தாள், பிறகு இன்னொருத்தி. அம்மாவும் அதைப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன்.

சற்று முன் ஆயா கதவைத் திறந்து, பெண்ணோட அம்மா யாரு, அவள் கூப்பிடுகிறாள் என்று ஹிந்தியில் கேட்டாள்.

"நான்தான்," என்று தமிழிலேயே சொல்லி எழுந்தாள் அம்மா. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நேராக உள்ளே போனாள்.

கதவு மூடியிருக்கிறது. நான் படிக்கிற புத்தகங்களில் காத்திருப்பது என்றால் சோர்வு. இங்கே அப்படி இல்லை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். முதுகு சாயவில்லை. குதிகால் தரையில் படவில்லை. சந்தோஷம் வந்தால் உடனே எழுந்துவிடுவதற்காக. இப்படி உட்கார எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்கே காத்திருந்தாலும் நீங்கள் இப்படித்தான் உட்காருவீர்கள்; இது உங்களுடையது.

உள்ளே யாரோ வேகமாக நடக்கிறார்கள். உமா என் கையை இழுக்கிறாள்.