இடது கையை நீட்டிய கலாவின் அப்பாவுக்கு

என் உயிருக்கு உயிரான கலாவின் அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. கலாவின் மூத்தவள் பத்தாவதில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி என்று தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டேன். சின்னவன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கப் நம் வீட்டு டிவி மேல்தான் இருக்கிறது. கேட்கிறான், கொடுப்பதாக இல்லை. பம்பாயில் இருக்கும் நம் பெரியவன் ராஜனின் மகனுக்குப் பொத்தேரி காலேஜில் இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது. லீவு விட்டால் என் கையால்தான் சாப்பாடு.

ராஜனுக்கு எழுதும் பழக்கத்தில், புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பவும் என்று உங்களுக்கும் எழுதப் போனேன். 'புதுசாக' என்பதோடு பேனா நின்றுவிட்டது.

சுற்றி வளைக்கிறேன் என்று தெரிகிறதா? சொல்ல வந்தது வேறு.

படப்பை வண்டியில் கண்டக்டராக நின்றே தேய்ந்தவர் நீங்கள். முகச்சவரம் செய்துகொண்டிருந்த காலையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. மிஞ்சியது 'போலாம் ரைட்' மட்டும். தண்ணீர் கேட்டாலும் அதுதான், ரசத்தில் உப்புக் கூடினாலும் அதுதான். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து எது என்று நான் கண்டுபிடிப்பேன்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மூளையில் பேச்சு வருகிற இடத்தில்தான் அடி; நாம் பேசுவது இவருக்குப் புரிகிறது; வாய் தவறாமல் வருவது வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வார்த்தைதான். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அவர் சொல்லித்தானா தெரிய வேண்டும்? எதிர்வீட்டு ஆட்டோக்கார மணி வாசலில் நின்று, "இன்னா அண்ணாத்த, இங்கேருந்து கிச்சனுக்கு எவ்ளோ டிக்கெட்டு? நின்னுகினே வந்தா கம்மியா?" என்று வம்புக்கு இழுப்பான். நீங்கள் அவன் தொந்தியைக் காட்டி, இடது கையில் இரண்டு விரலை நீட்டுவீர்கள். அவனுக்கு ரெண்டு டிக்கெட்டாம். கோணிய வாயோடு நீங்கள் சிரித்த சிரிப்பில் நானும் அடுப்பை மறந்து சிரித்திருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் கலாவின் நிச்சயதார்த்தம். கீழ்க்கட்டளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். காலையிலேயே உங்களைக் குளிப்பாட்டி, கஞ்சி போட்ட வேட்டி கட்டி, நாற்காலியில் உட்கார வைத்தேன். தட்டு மாற்றும் நேரம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலை பாக்குத் தட்டை ஏந்திக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நின்றார்.

நீங்கள் இடது கையை நீட்டினீர்கள். வேறு எந்தக் கையை நீட்டுவீர்கள்? கண்ணில் தண்ணீர் தளும்ப, "போலாம்... போலாம் ரைட்" என்றீர்கள். அது சம்மதம் என்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் பாயில் உட்கார்ந்திருந்த பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சம்பந்தியம்மாள் முகத்தைச் சுளித்து, "நல்ல காரியத்துல இடது கையிலயா வாங்குறது?" என்றார்.

சம்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். அடுத்து நான் சொன்னதற்கு அது மட்டும் காரணம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

"அவருக்கு ஒண்ணும் புரியாதுங்க. ஏதோ கைய நீட்டுறாரு. எங்க அண்ணன் மாத்திக்குவாரு" என்றேன்.

உங்கள் வலது கையை என் கையால் தாங்கித் தட்டில் வைத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அது ஏன் அப்போது எனக்குத் தோன்றவில்லை?

நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். பிறகு அந்தக் கையை மடித்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டீர்கள். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். உங்களைப் பற்றி என் அண்ணன், உங்கள் எதிரிலேயே, மரக்கட்டையைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். நான்தானே ஆரம்பித்து வைத்தேன்?

அன்றிலிருந்து என்னிடம் 'போலாம் ரைட்'கூட இல்லை. மணி வந்தால் குரல் வரும். நான் தட்டோடு வந்தால் வாய் மூடிக்கொள்ளும். நோய் முற்றிவிட்டது என்று கலாவிடம் சொன்னேன். கல்யாணம் முடிந்து மறு ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள். பேச இருந்த ஒரே வார்த்தையையும் எனக்குத் தராமல் போனீர்களே, அது கோபமா, வருத்தமா? எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

உங்கள் திதிக்கு வரும்போதெல்லாம் கலா இலை முன்னால் உட்கார்ந்து, "அப்பாவுக்கு எனக்குக் கல்யாணம் ஆனதே தெரியாமப் போயிடுச்சேம்மா" என்று அழுகிறாள். நான் பாயசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுகிறேன். பேரப்பிள்ளைகள் வாங்கும் மார்க்கை ஊருக்குச் சொல்லும் வாய்க்கு, பெற்ற பெண்ணிடம் இதைச் சொல்ல வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அப்பாவுக்கு எல்லாம் புரிந்தது, உன் தட்டை வாங்கத்தான் கையை நீட்டினார், சந்தோஷத்தில்தான் அவருக்குக் கண் கலங்கியது என்று அவளிடம் சொல்லிவிடுவேன். எனக்கு அப்போது தெரியாது என்று ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டால் எனக்கு லேசாக இருக்கும். சேர்க்க மாட்டேன். தெரிந்தேதான் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் என்னை எப்படிப் பார்த்தாலும் சரி, அந்தத் தட்டு உங்களுக்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளைப் பெற்றவள்