அம்மாவின் பாதிச் சேலை

லூயிஷாம், லண்டன்
09.03.2005

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வத்சலா எழுதுவது. பாரிஸில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கச் சிவனை வேண்டுகிறேன். தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பராமரிப்பு வேலைக்குப் போகும் வீட்டுப் பியற்றிஸ் அம்மாவைப் பற்றி முன்னரே சொல்லியிருக்கிறேன். யூதப் பெண். ஒன்பது வயதில் வியன்னாவிலிருந்து தனியாக ரயிலேற்றி அனுப்பப்பட்டவர். பெற்றோர் பிறகு வரவேயில்லை. ஓவியர்தான், ஆனால் தூரிகை பிடிப்பதில்லை. அகதிகளாக வந்தவர்களிடம் பழைய உடுப்புகளைக் கேட்டு வாங்கி, மெழுகில் தோய்த்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவார். இளவயதில் அதைப் பார்த்த பத்திரிகைக்காரர்கள், உடுப்புக் காயப்போடும் கொடி என்று கேலி செய்தார்களாம். அவர் விடவில்லை. இப்போதுதான் ஒரு பெரிய கலைக்கூடம் அவரை அழைத்திருக்கிறது.

அக்கா, அம்மாவின் நீலச் சேலையில் மிஞ்சிய பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டேன். சண்டைக்குள் ஊரை விட்டு ஓடுகையில் நாவற்குழிப் பாலத்தில் எங்கள் ஐயாவின் காயத்தைக் கட்ட அம்மா கிழித்தாரே, அந்தச் சேலை. ஐயா கண்ணை மூடியது அம்மாவின் மடியில். அந்த இரத்தக் கறையைச் சாகும்வரை அம்மா கழுவ விடவில்லை. உங்களைக் கேட்டுத்தான் கொடுத்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

சனிக்கிழமை திறப்புவிழா. என் மச்சாள் சிவனேஸ்வரியையும் அழைத்துப் போனேன். அவர் சேலைக்கு முன்னால் நின்று, "ஆரின்ரையோ ஊத்தைச் சீலை. வெள்ளைக்காரர் பாக்க இதையே தொங்கவிடுறது? எங்கட மானமெல்லோ போகுது. ஆர் குடுத்ததெண்டு தெரியுமோ?" என்றார்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அந்த நேரம் பார்த்து பியற்றிஸ் அம்மா ஒலிவாங்கியில், சேலையைத் தந்தவர் இங்கே இருக்கிறார், விரும்பினால் பேசலாம் என்றார். நான் குனிந்து கைப்பையைத் துழாவிக்கொண்டு நின்றேன். ஒருவரும் முன்னே போகவில்லை.

திங்கட்கிழமை கூசிக் கூசித்தான் வேலைக்குப் போனேன். அவர் ஏசவில்லை. தன் கதையைச் சொன்னார். யுத்தகாலத்தில் லண்டன் தெருவில் பள்ளித் தோழிகளோடு போகையில், வியன்னாவில் அயல்வீட்டில் இருந்த ஒரு பெண் ஜெர்மன் மொழியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். எதிரியின் மொழியைக் கேட்ட தோழிகளுக்கு முன்னால் வெட்கப்பட்டு, வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்பதுபோல் நடந்து போய்விட்டாராம். பிறகு அந்தப் பெண்ணைக் காணவேயில்லை. தாயைப் பற்றி ஏதும் சொல்ல வந்தாளோ என்று இன்றுவரை தெரியாது. அந்த வெட்கத்தில்தான் துணி சேர்க்கத் தொடங்கினாராம்.

நேற்று மச்சாளுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "முதலே சொல்லியிருக்கலாமே, வத்சலா" என்று அழுதார். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. வீட்டில் அம்மாவின் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சேலையின் கீழே இன்னும் பெயர் போடவில்லை. நீங்கள் சம்மதித்தால் அம்மாவின் பெயரைப் போடச் சொல்வேன். வேண்டாமென்றால் இறக்கி உங்களிடமே தந்துவிடுவேன். கண்காட்சி முடிவதற்குள் ஒருமுறை வாருங்கள், அக்கா. தனியாக அந்தக் கூடத்துக்குள் போக எனக்குத் துணிவில்லை. ஏசுவதென்றாலும் நேரில் வந்து ஏசுங்கள்.

அம்மாவின் இடத்தில் உங்களை வைத்து வணங்கும்
தங்கை
வத்சலா