அட்டையில்லாத மாத்திரை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். அப்பா சுகம். நான் சுகமா என்றால், நாளை மத்தியானத்துக்கு மேல் கேள். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பாய். போன் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் காதில் விழக்கூடாதது ஒன்று இருக்கிறது. அதுவும் போக, பயத்தை வாயால் சொல்ல ஆரம்பித்தால் அழுகை முந்திக்கொள்கிறது.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் மூன்றாவது மாடியில் எங்களுக்கு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே மொட்டை மாடியில் ஆஸ்பத்திரி அங்கிகளை வரிசையாகக் காயப்போட்டிருக்கிறார்கள், எல்லாம் வெளிர்பச்சை. ஒன்றுக்கும் ஓரம் ஒழுங்காக அடிக்கவில்லை, தையல்காரிக்குக் கை பரபரக்கிறது. நாளைக்கு அதில் ஒன்றை நான்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டேன். நம் ஊரில் ஆபரேஷனுக்கு ஏழு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். மூன்றாவது தடவை வலி வந்து நான் மெஷின் மேலேயே சுருண்டு விழுந்ததைப் பார்த்தபின் அப்பா ஏழு நாள்கூடப் பொறுக்கவில்லை, கண்காணாத தேசத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். பஸ் ஓட்டுகிறவருக்கு நிற்க வைத்தால் ஆகாதே.

நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் பதினொரு கல். வீடு கட்டணும் வீடு கட்டணும்னு சொல்லிட்டே இருந்தியே, இப்படிக் கல்லு சேர்த்தது தெரியாமப் போச்சே என்று அப்பா சிரிக்க வைக்கப் பார்த்தார். மொழிபெயர்க்க ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்திருக்கிறார்கள். நம் மொழியைப் புத்தகத்தில் படித்தவள்போல, நோயாளி அவர்களே என்று ஆரம்பிக்கிறாள், அப்பா அவளுக்குச் 'செய்தி வாசிப்பவர்' என்று பெயர் வைத்துவிட்டார். வயிற்றில் நாலு ஓட்டை போட்டு, காற்றை ஊதி உப்ப வைத்து, கேமராவை விட்டு, கல்லை மட்டும் எடுக்காமல் பித்தப்பையையே எடுத்துவிடுவார்களாம். முழித்ததும் தோள்பட்டை வலிக்கும், அது அந்தக் காற்றினால், பயப்படக் கூடாது என்றாள். அன்று சாயங்காலமே நடக்க வைப்பார்களாம். பத்து நாள் கழித்து டாக்டர் பார்த்துச் சரி என்றால்தான் விமானம் ஏற வேண்டும். என்ன தையல் போடுவீர்கள் என்று கேட்டேன், உள்ளே தானாகக் கரையும் நூல் என்றார்கள். இருபத்தாறு வருஷம் தைத்தவளுக்குக் கரைகிற நூலை நம்பி எப்படித் தூக்கம் வரும். உள்ளே ரத்தம் நிற்காமல் வந்தால் வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று அதற்கும் தனியாக ஒரு கையெழுத்து வாங்கினார்கள்.

இனிதான் விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன் வலது கை மரத்துப்போய்க் கத்தரிக்கோல் நழுவியதும், நீ லீவில் வந்திருந்தபோது என்னை டாக்டரிடம் கூட்டிப்போனதும், ரத்தம் கட்டாமலிருக்க அவர் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைக் கொடுத்ததும் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா பயப்படுவார், மெஷினில் உட்கார விடமாட்டார் என்று நான்தான் உன்னைச் சொல்லவிடாமல் தடுத்தேன். நமக்கென்று ஆளுக்கொன்றாக நான் தைத்த ஏழு அறை மாத்திரைப் பை இருக்கிறதே, எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிதுக்கி அதில் போட்டுவிடுவேன், அப்பாவுக்கு எல்லாமே பிரஷர் மாத்திரைதான். செய்தி வாசிப்பவர் ஃபாரத்தை வைத்துக்கொண்டு, குருதியை இளக்கும் மருந்து ஏதேனும் உண்டா என்று கேட்டாள். அதெல்லாம் இல்லம்மா, பிரஷருக்கு மட்டும்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டிவிட்டேன், மகளே. இன்று காலையும் அதைப் போட்டுக்கொண்டேன்.

ரத்தம் நிற்காமல் வந்தால் என்று மேலே நானே எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்துவிட்டேன். அப்பா செருப்பு வாங்கப் போயிருக்கிறார், படியில் சத்தம் கேட்கிறது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. சொல்லிவிட்டேன். அப்பா செருப்புப் பெட்டியைக் கீழே வைக்காமலே நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், பிரேக் இல்லாத வண்டியை மலையில இறக்கப் பார்த்தியே, அதுக்கு நானே ரைட் கொடுத்திருக்கேனே என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். நர்ஸ் அந்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள், அட்டை இல்லாததற்கு யார் பெயர் சொல்வது. நம் மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டு, அவர் பழைய சீட்டைத் தேடி எடுத்து எழுத்து எழுத்தாகச் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. டாக்டர் திட்டவில்லை. நாளைக்கு உங்க வயித்துக்குள்ளதான் எனக்கு இது தெரிஞ்சிருக்கும் என்றாராம். அதைச் செய்தி வாசிப்பவர்கூட நோயாளி அவர்களே என்று ஆரம்பிக்காமல் சொன்னாள். நரம்பு டாக்டரும் வந்து பார்த்தார். மாத்திரையை ஐந்து நாள் நிறுத்தி, ஆறாம் நாள் ஆபரேஷன். கை மரத்தாலோ வாய் கோணினாலோ அந்த நிமிஷமே ஓடிவரச் சொல்லியிருக்கிறார்கள். போட்டால் அந்தப் பயம், நிறுத்தினால் இந்தப் பயம், ஐந்து நாளை எப்படித் தள்ளப் போகிறேன் தெரியவில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை. மணிக்கு ஒரு தடவை வந்து இரண்டு விரலை நீட்டி, வலது கையால அழுத்து என்கிறார், அழுத்தியதும் எழுந்து போய்விடுகிறார். உன் மேலும் கோபம்தான், போனில் திட்டுவார், பதில் பேசாமல் வாங்கிக்கொள்.

உனக்குத் தைத்துக் கொடுத்த பையில் மாத்திரையை இனி அட்டையோடு வெட்டிப் போடு, பெயர் தெரிகிற பக்கமாக வெட்டு. வேலையை விட்டுக் கிளம்பி வராதே. நீ போகிற வழியெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். கடிதம் கைக்கு வந்ததும் என் எழுத்து நேராக இருக்கிறதா, முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்து அப்பாவிடம் சொல். என்னிடம் சொல்லாதே.

கோணாமல்தான் எழுதியிருக்கிறேன் என்று நம்பும்
உன் அம்மா