வெல்லதொட்டை விருந்தாளியைப் புதைத்த இடம் குறித்து

அனுப்புநர்:
ரா. ராகேல் தங்கபாய்,
ஆசிரியை, மிஷன் பெண்பள்ளி,
செயலாளர், கடலடிவிளை – வெல்லதொட்டை நட்புச் சங்கம்.

பெறுநர்:
கனம் நாராயணபெருமாள் பிள்ளை அவர்கள்,
தலைவர், கடலடிவிளை நகரசபை.

பொருள்: சென்ற மே மாதம் 23ஆம் தேதி கசாப்புக்கூடத்தின் பின்புறம் புதைக்கப்பட்ட தோன் கரோலிஸ் என்பவரின் உடலை எடுத்து, அவர் விரும்பியபடி தகனம் செய்ய நகரசபையின் சம்மதம் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

இதற்கு முன் மூன்று மனுக்கள் தங்களுக்குத் தந்திருக்கிறேன். மூன்றையும் மிகப் பணிவாக எழுதியிருந்தேன். அதனால்தானோ என்னவோ ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்த நான்காவதை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். கோபம் தெரிந்தால் தெரியட்டும்.

1. வெல்லதொட்டை இலங்கையின் தென்கரையிலுள்ள சிறு துறைமுகம். நம் ஊர்க்காரர் நூற்று முப்பது பேர் அங்கே கடைகளிலும் கயிற்றுச்சாலைகளிலும் பிழைக்கிறார்கள். வியாபாரத்துக்கென்றும் விருந்துக்கென்றும் வெல்லதொட்டையாரும் இங்கே வருவதுண்டு. இரண்டு ஊராரும் சேர்ந்து 1932இல் இந்தச் சங்கத்தை வைத்தோம். அவர்கள் ஊர் மனிதர் இங்கே நோயில் விழுந்தால் எங்களில் ஒருவர் படுக்கையருகே இருக்க வேண்டும். இறந்துபோனால் அவரவர் முறைப்படி அடக்கம் செய்து, நடந்தது அத்தனையையும் வீட்டாருக்கு எழுத வேண்டும். நம் ஊர் மனிதருக்கு அவர்களும் அப்படியே செய்ய வேண்டும். இதில் சம்பளம் வாங்குகிறவர் யாரும் இல்லை.

2. என் கணவர் ராஜையன் 1934இல் வெல்லதொட்டையில் சன்னி ஜுரத்தில் இறந்தார். அங்குள்ள சங்கத்தார் எனக்கு ஆறு பக்கம் எழுதினார்கள். கடைசி நாளில் பயற்றங்கஞ்சி கேட்டார் என்றும், அதில் உப்புக் குறைவு என்று முகம் சுளித்தார் என்றும் எழுதியிருந்தார்கள். ஜெபம் பண்ணத் தமிழ் உபதேசியார் ஒருவரைப் பன்னிரண்டு மைல் தொலைவிலிருந்து மாட்டுவண்டியில் அழைத்து வந்திருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் எந்த வரிசையில் கிடக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியும். இந்த இரண்டு வருஷமாக நான் புத்தி பேதலிக்காமல் பள்ளிக்கூடம் போய் வருகிறேன் என்றால் அந்தக் கடிதத்தால்தான்.

3. நகரசபை எங்களுக்கு ஆதரவு தரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1933ஆம் வருஷத் தீர்மானத்தின்படி சந்தை மாடியில் ஓர் அறையும், ஆஸ்பத்திரிக்குள் எந்நேரமும் போய்வர அனுமதியும் தந்தீர்கள். கூடவே அலங்கார வளைவும், பாண்டு வாத்தியமும், தங்கள் படம் போட்ட வரவேற்புப் பத்திரமும் வந்தன. பின்னால் சொன்னவற்றை நாங்கள் கேட்கவில்லை.

4. சென்ற மே 15ஆம் தேதி வெல்லதொட்டையார் பதினொரு பேர் விருந்தாக வந்தார்கள். யார் எந்த வீட்டில் தங்கி உண்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்து முடிவு செய்வது சங்கத்தின் வழக்கம். சாதி, மதம், அந்தஸ்து பார்த்து ஆளைப் பிரிக்கக் கூடாது என்றுதான் இப்படி வைத்தோம். தச்சர் தோன் கரோலிஸ் என்பவருக்கு, கட்டுமரக்காரர் மரியான் வீட்டுச் சீட்டு விழுந்தது. தாங்களோ எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தங்கள் பங்களாவில் அறுபது இலை போட்டுக் காத்திருந்தீர்கள். விருந்தினர் சீட்டு விழுந்த வீட்டுக்குப் போவதுதான் மரியாதை என்று போய்விட்டார்கள். அறுபது இலையும் காலியாகக் கிடந்ததை ஊரே பார்த்தது. முன்கூட்டித் தங்களிடம் வந்து சொல்லாதது எங்கள் பிழைதான். மறுநாள் நானும் சங்கத்தின் துணைச் செயலாளர் முகம்மது ஹனீபாவும் தங்கள் முற்றத்தில் ஒரு மணி நேரம் நின்று மன்னிப்புக் கேட்டோம். தாங்கள் உள்ளிருந்தபடியே, "வலக்காரன் குடிசையில திங்க வந்தவனுக்கு நகரசபை எதுக்கு? அவனே பாத்துக்கிடட்டும், போங்க" என்றீர்கள். நான் ஒரு சொல்லும் கூட்டி எழுதவில்லை.

5. 18ஆம் தேதி காலையில் சங்கத்து அறை பூட்டிக் கிடந்தது. நகரசபைச் சேவகர் இஞ்ஞாசியிடம் கேட்டதற்கு, "சாவி எனக்க கையில இல்ல டீச்சரம்மா, எஜமான்கிட்டயாக்கும் இருக்கு. என்னயக் கேட்டு என்ன செய்ய?" என்றார். எங்கள் பதிவேடு அந்த அறையில்தான் இருந்தது. விருந்தினர் ஒவ்வொருவரும் தம் மதம் எது, வீட்டார் யார், இங்கே இறக்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தாமே சொல்லி எழுதி வைத்த பதிவேடு அது. அன்றே முதல் மனுவைத் தந்தேன்.

6. மறுநாள் கரோலிஸுக்குக் கடும் ஜுரம். மரியானும் ஹனீபாவும் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மற்றப் பத்துப் பேருக்கும் தூத்துக்குடியில் கப்பல் தயாராக இருந்தது. அவர்களில் மூத்தவர் என் இரண்டு கைகளையும் பிடித்து, கரோலிஸை உங்களிடம் விட்டுப் போகிறோம் என்று சொல்லிப் போனார். அன்று மாலைக்குள் சங்கத்தார் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தங்கள் உத்தரவு வந்துவிட்டது. நான் இரண்டாம் மனுவைத் தந்தேன். மரியான் கடலுக்குப் போகாமல் நான்கு நாள் கஞ்சிக் கலயத்துடன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். "நான் உள்ள வரல்ல, இந்தக் கஞ்சி மட்டும் போனாப் போரும்" என்று காவற்காரனிடம் அவர் கெஞ்சியதை நான் காதால் கேட்டேன். கலயம் உள்ளே போகவில்லை. தமிழ் தெரியாத ஒரு மனிதர், தம்மோடு பேச நாதியில்லாமல் அந்தக் கட்டிலில் கிடந்தார்.

7. 23ஆம் தேதி காலையில் கரோலிஸ் இறந்தார். எங்களுக்கு ஆள் அனுப்பவில்லை. நம் நாட்டில் ஒருவர் பெயரைக் கேட்டால் அவர் எந்தக் கோயில், எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். அந்தப் பழக்கத்தில் தங்கள் சுகாதார அதிகாரி, கரோலிஸ் என்றால் வேதக்காரர்தான் என்று முடிவுகட்டி உடலைக் கத்தோலிக்கர் கோயிலுக்கு அனுப்பினார். ஞானஸ்நானச் சீட்டு இல்லையென்று அங்கே மறுத்தார்கள். பிறகு எங்கள் சபைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் மூப்பரும் மறுத்தார். அவரோடு நான் பேசி ஆறு வாரமாகிறது. மத்தியானத்துக்குள் கசாப்புக்கூடத்துக்குப் பின்னால் குழி வெட்டிப் போட்டு மூடிவிட்டார்கள். சிங்களவரில் பௌத்தர்களும் போர்த்துக்கீசியர் காலம் தொட்டு இப்படிப் பெயர் வைப்பதுண்டு. கரோலிஸ் பௌத்தர். தம்மைத் தகனம் செய்து சாம்பலைத் தாயிடம் சேர்க்க வேண்டும் என்று அவர் எழுதிவைத்த பதிவேடு, குழியிலிருந்து கூப்பிடு தூரத்தில், தங்கள் பூட்டுக்குள் இருந்தது.

8. நகரசபை மரணப் பதிவில் "ஊர் பேர் தெரியாத கிறிஸ்தவர்" என்று எழுதப்பட்டிருக்கிறது. அதைத் திருத்தக் கேட்டு மூன்றாம் மனுவைத் தந்தேன். இறப்பதற்கு எட்டு நாள் முன் பாண்டு வாத்தியம் முழங்கத் தாங்களே மாலை போட்ட மனிதர் அவர்.

9. இறந்த செய்தியை மட்டும் தந்தியில் தெரிவித்தேன். அவருடைய தாய் பொடிநோனா அம்மாள் இதுவரை மூன்று கடிதம் எழுதுவித்திருக்கிறார். கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்கிறார். என்ன சாப்பிடக் கேட்டான், கொடுத்தீர்களா என்கிறார். சிதைக்குத் தீ வைத்தது யார், அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்கிறார். எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. அந்தத் தாய்க்கு நான் என்ன எழுதுவது? பொய் எழுத என் கை வரவில்லை.

10. ஆகையால் தாங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே. உடலைத் தோண்டியெடுக்க மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பித்திருக்கிறேன். நகரசபைக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரி எழுதித் தாருங்கள். எடுப்பது, சுமப்பது, தகனம் செய்வது எல்லாம் எங்கள் பொறுப்பு. தீ வைக்க மரியான் ஒப்புக்கொண்டிருக்கிறார். மரணப் பதிவில் கரோலிஸின் பெயரையும் ஊரையும் மதத்தையும் திருத்தி எழுதச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக் கதவை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். அந்தப் பதிவேட்டைத் திருப்பித் தந்துவிட்டு அறையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம், வளைவையும் வாத்தியத்தையுந்தான்.

11. இம்மாதம் 20ஆம் தேதிவரை காத்திருப்பேன். அதற்குள் உத்தரவு வராவிட்டால், இந்த மனுவையே இங்கிலீஷில் எழுதி, தங்கள் பெயரோடு அந்தத் தாய்க்கு அனுப்புவேன். நடந்ததைச் சொல்ல என்னிடம் வேறு கடிதம் இல்லை.

12. செயலாளர் என்ற முறையில் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. வெல்லதொட்டையில் கடை வைத்திருக்கும் தங்கள் தங்கை மகன் தாணுமாலயன், ஒன்பது நாளாக ஜுரமாய் அவ்வூர் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதாகச் சனிக்கிழமை கடிதம் வந்தது. பயப்பட வேண்டாம், ஜுரம் இறங்கி வருகிறதாம். சங்கத்தார் மூவர் முறைவைத்துப் படுக்கையருகே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கரோலிஸின் தாய் பொடிநோனா அம்மாள். அவருக்கு இன்னும் இங்கிருந்து பதில் போகவில்லை.

இடம்: கடலடிவிளை
தேதி: 1936 ஜூலை 6 (கொல்லம் 1111 ஆனி 22)

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ரா. ராகேல் தங்கபாய்
(ஒப்பம்)