அம்மா எழுதிய புனிதர்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் இந்த வீட்டில் சொல்லப்படும் முதல் வேண்டுதல். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, எதிர்வீட்டுக்காரர் தம் பூனையை எங்களிடம் விட்டுவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது, பூனைக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. இவை போகட்டும். போன மாதம் தொலைபேசியில் நீ, "விடுங்கப்பா, அம்மாவே கண்டுக்கல, நீங்க எதுக்கு மல்லுக்கு நிக்கிறீங்க" என்று சொன்னாய். நான் உன் ஊர் வெயிலை விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். கோபத்தில் பேசும்போது என் வாக்கியங்கள் கோணிப்போகின்றன, அதனால் ஆறவைத்து எழுதுவது என் வழக்கம். ஆறிவிட்டது, ஆனால் குறையவில்லை. உனக்கான பதில் இதுதான்: விடவில்லை. விடாததனால் வென்றோம், அதிலும் நான் போட்ட கணக்கையெல்லாம் மிஞ்சி அம்மா வென்றாள்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். நம் பங்கு ஆலயத்தின் ஞாயிறு மடலில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கடைசிப் பக்கத்தில் ஒரு புனிதரின் வாழ்க்கை வந்துகொண்டிருந்தது, அதை எழுதியவள் அம்மா என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தட்டச்சு செய்யும் பெண்ணுக்குத் தெரியும், மடலை வெளியிடும் ஒரு மனிதருக்குத் தெரியும், அதற்கப்பால் யாருக்கும் தெரியாது. பெரிய புனிதர்களை அவள் தொட்டதே இல்லை, "அவங்களுக்குத்தான் ஊரெல்லாம் சிலை இருக்கே" என்பாள். அவள் தேடிப் பிடித்ததெல்லாம் பட்டியலின் ஓரத்தில் கிடந்தவர்களை. ஓர் ஊரில் திருச்சபைத் தலைவரான ஆயராக யாரை வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது எவனோ கேலிக்குக் கரி படிந்த ஒருவரைக் கைகாட்ட, கரியைக் கழுவிப் பார்த்தால் உள்ளே ஓர் அறிஞர் இருந்தாரே, அந்தக் கரி சுடுபவர். தன்னைக் கொல்ல வந்த வீரர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு, தன் தோட்டத்தில் தனக்கே குழி வெட்டி முடித்து, விடிந்ததும் நீங்கள் தேடி வந்தவன் நான்தான் என்று சொன்ன தோட்டக்காரர். பகலில் போதித்து இரவில் செருப்புத் தைத்த இரண்டு சகோதரர்கள். பிறகு நூற்றாண்டுகள் கடந்து, ஒரே வீட்டில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு வேலை செய்த பணிப்பெண், இன்னும் ஆறு நூற்றாண்டு தள்ளி, வாழ்நாளெல்லாம் ஒரு மடத்தின் கதவைத் திறந்து மூடிய வாயில்காப்பாளர். தலைப்பில் அவர்கள் பெயரைப் போடமாட்டாள், தொழிலைத்தான் போடுவாள். பெயரைச் சொன்னால் யாரோ என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள், செருப்புத் தைப்பவர் என்றால் நம் தெரு முனையில் இருக்கிறவர் ஞாபகம் வரும் என்பது அவள் கட்சி.

அவள் எழுதும் முறையும் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதில்தான் இந்த வழக்கே நிற்கிறது என்பதால் மறுபடி சொல்கிறேன். மருத்துவமனைப் பதிவுச் சாளரத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் பெயர், வயது, தொழில் என்று கேட்டுக் கேட்டு அந்த மூன்றாவது கேள்வி அவளுக்கு நோயாகிவிட்டது. புனிதர் எந்தத் தொழிலோ அந்தத் தொழில் செய்கிறவரைத் தேடிக் குறிப்பேடும் கையுமாகப் போய் நிற்பாள். கரி படிந்த துணியை எப்படி வெளுப்பது என்று சலவைக்கடை அக்காவிடம் கேட்டாள். "எடுத்ததும் சோப்பு போட்டா கரி பரவிடும்மா, முதல்ல உதறணும், அப்புறம் மூணு வெறுந்தண்ணி, நாலாவதுலதான் சோப்பு" என்றார் அவர், உடனே ஆயராகப் போகும் கரி சுடுபவரும் நான்காவது தண்ணீரில்தான் வெளுத்தார். கல்லறையில் குழி வெட்டும் அண்ணனிடம் போய், தோட்டக்காரர் ஒருவர் தனக்கே வெட்டினால் எப்படி வெட்டுவார் என்று கேட்டாள். அவர் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, "மேல்மண்ணைத் தனியா குவிச்சிருப்பாரும்மா, அடிமண்ணைத் தனியா. மூடும்போது மேல்மண்ணு மேலயே வரணும், இல்லாட்டி அந்த இடத்துல புல்லுகூட முளைக்காது. தோட்டக்காரனுக்கு அது பொறுக்காது" என்றாராம். அன்று அவள் சமையலறையில் நின்றுகொண்டே அதைப் படித்துக் காட்டினாள். நான் எந்த உணர்ச்சிக்கும் சட்டென்று இடம் கொடுப்பவன் அல்லன் என்று நீ கேலி செய்வாய், அன்று அந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.

இனி அந்த மனிதருக்கு வருகிறேன். பங்குப் பேரவைச் செயலாளர், நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது "மைக் மாமா" என்று பெயர் வைத்தாயே, அவரேதான். வசந்தத்தின் தொடக்கத்தில் அம்மாவிடம் வந்து, "தங்கச்சி, அந்த மடல் எல்லாத்தையும் குடு, அலுவலகத்துல ஒழுங்கா அடுக்கி வைக்கிறேன்" என்று கோப்பை வாங்கிப்போனார். நான்கு மாதம் கழித்து ஆலயக் கதவில் ஒரு சுவரொட்டி: புனிதர்களைப் பற்றி ஒரு நூல், அட்டையில் அவருடைய படம், எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர், "பழைய லத்தீன் ஏடுகளைப் பதினைந்து ஆண்டுகள் ஆராய்ந்து" என்று கீழே ஒரு வரி. பங்குத்தந்தை வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அவருக்கு எதுவும் தெரியாது. அம்மா சுவரொட்டியை முழுவதும் படித்தாள், "தாள் நல்ல தாளாப் போட்டிருக்காங்க" என்றாள், வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கினாள், அன்றைக்குச் சமையலில் வெங்காயமே தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு நான்கு ஞாயிறு அவள் ஒரு வரி எழுதவில்லை. கேட்டால் "புனிதர்கள் தீர்ந்துட்டாங்க" என்றாள். அம்மா கண்டுகொள்ளவில்லை என்று நீ நினைத்தது இதைத்தான் மகளே.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் மடலை முடித்தபோது அம்மா என்னிடம், கீழே தன் பெயரைப் போடலாமா என்று கேட்டாள். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒரு துண்டுத் தாளுக்குப் பெயர் எதுக்கு" என்றேன். அவள் மறுபடி கேட்கவே இல்லை. ஆகவே மைக் மாமா திருடியது நான் திறந்துபோட்ட வீட்டில். அவர்மீது எனக்கிருந்த கோபத்தின் சரிபாதி என்மீது இருந்தது, அதனால்தான் அது இவ்வளவு நாள் குளிர்ந்தே எரிந்தது.

என் உத்தியோகம் எடைக்கற்களையும் தராசுகளையும் சோதிப்பது என்பதை நீ உன் தோழிகளிடம் சொல்ல வெட்கப்படுவாய், ஆனால் அது எனக்கு ஒரு பாடம் கற்றுத் தந்திருக்கிறது. கடைக்காரரிடம் போய் உன் தராசு பொய் என்று ஒருநாளும் சொல்லக் கூடாது, சொன்னால் சண்டைதான் மிஞ்சும். நம் கல்லை அவர் தட்டில் வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று அவர் வாயாலேயே படிக்கச் சொல்ல வேண்டும். நான் மைக் மாமாவைப் போய்ப் பார்த்தேன், வாழ்த்தினேன், வெளியீட்டு விழாவில் மற்றவர்கள் உரையாற்றுவதைவிட உங்கள் குரலில் மூன்று வரலாறுகளை வாசித்தால் நன்றாக இருக்குமே என்றேன். "என் குரல்லயா? நீங்க சொன்னா சரிதான் சார்" என்று உருகிப்போனார், ஒலிபெருக்கியை அவர் மறுத்ததாக வரலாறு இல்லை. பிறகு சலவைக்கடைக்கும் கல்லறைக்கும் தெரு முனைக்கும் நடந்தேன். மூவரிடமும் ஒரே வாக்கியம்தான் சொன்னேன், ஞாயிறு காலை மண்டபத்துக்கு வாருங்கள், புனிதர் கதை வாசிக்கிறார்கள். காரணம் சொல்லவில்லை. அம்மா வரமாட்டேன் என்றாள், குறிப்பேடுகள் பன்னிரண்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நான் மட்டும் புறப்பட்டேன், வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வருகிறாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மைக் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு கரி சுடுபவரில் தொடங்கினார், நான்காவது தண்ணீர் வந்ததும் சலவைக்கடை அக்கா பக்கத்திலிருந்தவரிடம், "இது என் தண்ணி" என்று உரக்கவே சொன்னார். நான்கு வரிசை திரும்பியது. வாசித்தவர் சிரித்துச் சமாளித்துத் தோட்டக்காரருக்குத் தாவினார். மேல்மண் தனியே, அடிமண் தனியே என்று அவர் குரலைத் தாழ்த்தி வாசித்த இடத்தில் குழி வெட்டும் அண்ணன் எழுந்து நின்றார். "ஐயா, இந்த மண்ணு விஷயம் எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அது பழைய லத்தீன் ஏடு, உங்களுக்குப் புரியாது என்று இவர் சொல்ல, "லத்தீனாங்க? நான் அம்மாகிட்ட நம்ம பேச்சுலதான சொன்னேன்" என்றார் அவர். மண்டபம் சிரித்தது. பங்குத்தந்தை சிரிக்கவில்லை, தம் கையிலிருந்த புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி மெதுவாகப் படிக்கத் தொடங்கினார். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் மைக் மாமா பிழைத்திருப்பார். ஆனால் ஒலிபெருக்கி கையில் இருந்தது. செருப்புத் தைத்த சகோதரர்களை எடுத்தார், இதயம் இடப்பக்கம் இருப்பதால் இடக்கால் செருப்பைத்தான் முதலில் தைப்பார்கள் என்ற வரியை வாசித்தார், வாசித்ததோடு நில்லாமல், "இது அந்தக் காலத்துத் தொழிலாளர் சங்கத்தின் விதி, நான் தேடிக் கண்டுபிடித்தது" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தார்.

தெரு முனையில் செருப்புத் தைப்பவர் காதைச் சொறிந்துகொண்டே எழுந்தார். "மன்னிக்கணுங்க, அது நான் சும்மா அடிச்சு விட்டது. அம்மா நோட்டும் கையுமா அவ்வளவு அக்கறையாக் கேட்டாங்களா, ஏதாவது அழகாச் சொல்லணும்னு தோணிச்சு. எந்தக் கால் தோலு முதல்ல கைக்கு வருதோ அதைத் தைப்போம், அவ்வளவுதாங்க சங்கதி" என்றார். எழுந்த சிரிப்பில் கூரை போயிருக்க வேண்டும். மைக் மாமாவுக்கு முகம் சிவந்தது, சுற்றுமுற்றும் பார்த்தார், ஓரத்தில் புத்தகக் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்ற தட்டச்சுப் பெண் கண்ணில் பட்டாள். தட்டச்சு செய்தவள் கவனமில்லாமல் எங்கிருந்தோ கண்டதைச் சேர்த்துவிட்டாள், அவளை விசாரிக்கிறேன் என்றார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பையின் வாரை அவிழ்த்தேன், எழுந்திருக்கப் போனேன், அதற்குள் என் தோளை ஒரு கை அழுத்தியது. அம்மா எழுந்துவிட்டாள். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பாராட்டைக் கூடத் தன்னுடையது என்று சொல்லாதவள், "அந்தப் பிள்ளையச் சொல்லாதீங்க. அந்தத் தப்பு என்னோடது. அவர் சொன்னதை விசாரிக்காம நம்பி எழுதினவ நான். இந்தப் புத்தகத்துல இருக்கிற அத்தனையும் எழுதினவ நான், அதனால தப்பும் என்னோடது" என்றாள். ஒலிபெருக்கி இல்லாமலேயே அவள் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டது. முதலில் கைதட்டியவர் குழி வெட்டும் அண்ணன். அந்தக் கைகளின் சத்தம் உனக்குத் தெரியாது, பலகை மேல் பலகை அடித்தாற்போல் இருந்தது. என் பையை நான் திறக்கவே இல்லை.

பங்குத்தந்தை அன்றே அட்டைகளைக் கிழிக்கச் சொன்னார், புதிய அட்டையில் அம்மாவின் பெயர், முதல் பக்கத்தில் அவள் வற்புறுத்தலால் சலவைக்கடை, கல்லறை, தெரு முனை, பணிப்பெண்ணுக்காக மாவு பொங்கும் நேரம் சொன்ன ரொட்டிக்கடை என்று நன்றி. மைக் மாமா பேரவையிலிருந்து விலகினார், புதன்கிழமை வீட்டுக்கு வந்து தலைகுனிந்து உட்கார்ந்தார், அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தாள், நான் கொடுத்திருக்க மாட்டேன். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. நானும் அவளிடம் அந்தத் துண்டுத் தாள் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன், "இப்பவாவது நிமிர்ந்து பார்த்துக் கேட்டீங்களே" என்றாள்.

உனக்கு ஒன்று. உன் அறிக்கைகளில் உன் மேலாளர் தம் பெயரைப் போட்டுக்கொள்கிறார் என்று நீயே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னாய், "இதெல்லாம் சகஜம்ப்பா" என்றாய். அடுத்த அறிக்கையை அனுப்பும் முன் மேலே உன் பெயரை எழுது. அதில் பிழை இருந்தால் அதுவும் உன்னுடையது என்று எழுந்து சொல்லத் தயாராக இரு. சரியான நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று, அந்தக் குடையைப் பேருந்தில் விட்டுவிடாதே.

இத்துடன் புத்தகம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். முந்நூறு பிரதிகளிலும் ஒரு சின்னத் திருத்தச் சீட்டு ஒட்டியிருக்கிறது, இடக்கால் செருப்புச் செய்தி உண்மையன்று, நம்பியது என் பிழை என்று. அச்சிட்டால் போதும் என்று எல்லோரும் சொல்லியும் கேளாமல், கூடத்து மேசையில் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டின் அடியிலும் அம்மா கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் உன் மதிப்பெண் அட்டையில் போடுவாளே, அதே கையெழுத்து, கடைசி எழுத்தின் கீழே அதே கோடு. உன் பிரதியில் மை கொஞ்சம் கலைந்திருக்கும், மேசையில் பூனை நடந்துவிட்டது. நேற்று பதிவுச் சாளரத்துக்கு மணி செய்பவர் ஒருவர் வந்தாராம். ஆலய மணியை வார்த்த புனிதர் யாராவது இருப்பாரா என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் இருவரின் ஆசியும் கடவுளின் காவலும் உன்னோடு என்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எழுத்தாளரின் கணவனும்
உன் அப்பாவுமான நான்.